ஊர் திரும்பும் உரிமை

மாநாட்டிற்கு இம்முறை வர இயலவில்லை என்று தோழர் ஒருவர் மடல் விடுத்திருக்கிறார். அஞ்சலட்டையில் நான்கே வரிகள்.

செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும் தமக்கு உரியனவல்ல என்கிறார். அவை மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்கு உரியவை. மாநாடோ சனியும் ஞாயிறும். நடக்கும் நகரமோ அவர் ஊரிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவு. சனிக்கிழமை முறையைத் தவறவிட்டால், வியாழனுக்குப் பிறகு செவ்வாய்தான்; இடையே ஐந்து நாள். ஐந்து நாள் கழிவு உடலிலே தேங்கினால் என்னவாகும் என்பதை மருத்துவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். அவர் நமக்குச் சொல்லவில்லை. மன்னிக்கும்படி மட்டும் கேட்டிருக்கிறார்.

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது, தோழர்களே! கொடிக்கம்பம் நட்டவர் அவர். இரவெல்லாம் சுவரொட்டி ஒட்டி, விடியலிலே வேலைக்குச் சென்றவர் அவர். லாரியின் பின்தட்டில் நின்றபடியே மாவட்டம் மாவட்டமாக மாநாடு கண்டவர் அவர். மேடையில் அவருக்கு நாற்காலி போட்டதில்லை. மேடையைத் தாங்கிய சவுக்குக் கம்பங்களோ அவர் ஊன்றியவை. சிறைக்கும் சென்று வந்தவர். விடுதலையாகும் தேதி இன்னதென்று அன்று கம்பிக்குள் இருந்தவாறே அவரால் சொல்ல முடிந்தது. இன்று கம்பியும் இல்லை, காவலும் இல்லை, தேதியும் இல்லை!

இது ஒருவர் கதையன்று. சிறுநீரகம் செயலிழந்தோர் ஊர்தோறும் இருக்கின்றனர். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ள வீடுகளிலெல்லாம் இந்நோய் வாயிற்படியில் வந்து நிற்கிறது. ஆகவேதான், மருத்துவப் பக்கத்திலே வர வேண்டிய செய்தியை அரசியல் பக்கத்திலே எழுதுகிறேன். இது மருத்துவப் பிரச்சினை மட்டுமன்று, அரசியல் பிரச்சினை. எப்படி என்பதைக் கூறுகிறேன்.

நல்ல நிலையிலுள்ள சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் வேலை செய்கிறது. ஞாயிறு விடுமுறை அதற்குக் கிடையாது. அது நின்றுபோனால், முறைக்கு நான்கு மணி நேரம், வாரம் மூன்று முறை, பொறி அந்த வேலையைச் செய்கிறது. 168 மணி நேர வேலையைப் 12 மணி நேரத்தில் முடிக்க முயல்கிறது பொறி! வாரம் இரண்டே முறை கிடைக்கப் பெறுவோரும் நம் நாட்டில் ஏராளம். அவர்களுக்கு 8 மணி நேரந்தான். எஞ்சிய நேரமெல்லாம் நோயாளி தம் நாவைக் கட்டி, தாகத்தை அடக்கி, குடித்த நீரை டம்ளர் கணக்கில் எண்ணி வாழ வேண்டும்.

இந்தப் பொறி பிறந்த வரலாறு கேட்கத்தக்கது. ஆண்டு 1943. இட்லரின் படை நெதர்லாந்தை ஆக்கிரமித்திருந்த காலம். காம்பென் என்னும் சிற்றூரின் மருத்துவமனையில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர், இறைச்சிக் குழல் செய்யப் பயன்படும் செல்லோபேன் தாளைச் சுழலும் உருளையிலே சுற்றி, அதனுள் நோயாளியின் குருதியை ஓடவிட்டு, நடைமுறையில் பயன்தரும் முதல் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். தொடக்கத்தில் தோல்விமேல் தோல்வி. 1945இல் ஒரு மூதாட்டி பிழைத்தார். போர் ஓய்ந்ததும் கோல்ஃப் தாம் செய்த பொறிகளைப் பிற நாட்டு மருத்துவமனைகளுக்கு நன்கொடையாக அனுப்பிவைத்தார்.

ஆயினும் ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக் குழாயை அறுத்துக் குழாய் செருக வேண்டியிருந்தது. அதனால் தற்காலிகமாகச் சிறுநீரகம் நின்றவர்களையே காக்க முடிந்தது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், டெஃப்லான் குழாயைக் கையிலேயே நிலையாகப் பொருத்தும் வழி கண்டார். நிரந்தரமாகச் சிறுநீரகம் இழந்தோரும் ஆண்டுக்கணக்கில் வாழலாம் என்றாயிற்று.

அங்கேதான் அரசியல் தலைகாட்டிற்று. வாழ வேண்டியோர் பலர், பொறிகளோ சில. யாருக்கு அளிப்பது? 1960களின் தொடக்கத்தில் சியாட்டிலில் ஒரு குழு அமைத்தனர். வழக்கறிஞர், பாதிரியார், வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அலுவலர், தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர் என எழுவர். நோயாளியின் வருமானம் என்ன, மணமானவரா, பிள்ளைகள் எத்தனை, தேவாலயம் செல்பவரா என்றெல்லாம் ஆராய்ந்து, இவர் வாழலாம், இவர் வேண்டாம் என்று அக்குழு தீர்ப்பளித்தது. கொலைக்குற்றம் செய்தவனுக்கேனும் வழக்காட உரிமையுண்டு. இங்கோ நோயுற்ற குற்றத்திற்கு மேல்முறையீடும் இல்லை! நாடு கொதித்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 1972இல், அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமியற்றி, சிறுநீரக நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அரசுக் காப்பீட்டின் கதவைத் திறந்தது.

யார் வாழலாம் என்ற வினாவிற்கு, எல்லோரும் என்று விடையளிக்க அரசியல் தேவைப்பட்டது. இன்று நம் முன் நிற்பது அடுத்த வினா: வாழ்பவர் எங்கே வாழலாம்? பொறி இருக்கும் இடத்தில் மட்டுமா? அவருக்கு ஊர் உண்டா, உறவு உண்டா, திருவிழா உண்டா, திருமணம் உண்டா, மாநாடு உண்டா?

இவ்வினாவை உலகின் முன் உரக்கக் கேட்டவர்கள் பட்டம் பெற்றவர்களல்லர், பதவியில் இருந்தவர்களுமல்லர். ஆஸ்திரேலியாவின் நடுவண் பாலைவனத்துப் பழங்குடி மக்கள்!

பின்டுபி என்னும் அம்மக்களை, 1950களிலும் 60களிலும் அரசு தம் மண்ணிலிருந்து பெயர்த்து, பப்புன்யா என்ற குடியிருப்பிலே கொண்டுவந்து சேர்த்தது. வெள்ளையர் வாழ்வோடு கலந்துவிடுங்கள் என்பது அந்நாளைய கொள்கை. அம்மக்கள் கலக்கவில்லை, காத்திருந்தனர். 1971 முதல், தம் மண்ணின் தொல்கதைகளைப் பலகையிலும் துணியிலும் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தீட்டலாயினர். அந்த ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றன. 1981இல் தம் மண்ணுக்கே திரும்பிச் சென்று கின்டோர் என்ற ஊரை அமைத்தனர். பெயர்க்கப்பட்ட மக்கள் மீண்டும் வேரூன்றினர்.

ஆனால், அரசு பெயர்த்தது போதாதென்று நோய் பெயர்க்க வந்தது. சிறுநீரகச் செயலிழப்பு அம்மக்களிடையே மிக அதிகம். பொறியோ ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலே. கின்டோரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. மூத்தோர் ஒவ்வொருவராக நகருக்குச் சென்றனர். மொழி புரியாத நகரம், உறவில்லாத தெரு, உரிமையில்லாத மண். அவர்கள் சென்றதால் ஊரும் நோயுற்றது. சடங்கை நடத்த ஆளில்லை. பேரப்பிள்ளைகளுக்கு மண்ணின் கதை சொல்ல நாவில்லை. சாவு வீட்டிற்கென்று சிகிச்சையைக் கைவிட்டு ஊர் திரும்பியோர் உண்டு. திரும்பியவர்கள் உயிரைப் பணயம் வைத்தே திரும்பினர். உயிர் வேண்டுமா, ஊர் வேண்டுமா என்று மனிதனைக் கேட்கலாமா? கேட்டது அந்த ஏற்பாடு.

அத்துணைத் தொலைவிலே பொறி வைப்பது கட்டுப்படியாகாது என்பது அதிகார வட்டாரத்தின் எண்ணம். அம்மக்கள் என்ன செய்தனர் தெரியுமா? தூரிகையை எடுத்தனர். கின்டோர் ஆடவர், பெண்டிர், அண்டையூராகிய கிவிர்க்குரா ஆடவர், பெண்டிர் என நான்கு அணியாக அமர்ந்து நான்கு பேரோவியங்களைத் தீட்டினர். 2000 நவம்பரில், சிட்னியிலுள்ள நியூ சௌத் வேல்ஸ் ஓவியக் கூடத்தில் அவை ஏலம் விடப்பட்டன. பிற ஓவியங்களும் பொருள்களும் சேர்ந்து பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் திரண்டது. அப்பணத்திலே சொந்த அமைப்பு எழுந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்சில் அது இயங்கிய வீட்டின் நிறத்தால் 'ஊதா வீடு' என்றே பெயர் நிலைத்தது. 2004இல் கின்டோரிலேயே பொறி ஓடியது. அடுத்தடுத்துப் பல ஊர்களில் ஓடியது. 2011இல் இரண்டு இருக்கைகள் கொண்ட ஊதா நிற லாரி ஒன்று புறப்பட்டது. திருவிழா எங்கே, அங்கே லாரி. சாவு எங்கே, அங்கே லாரி. நோயாளி ஊருக்கு வந்தார். அவரோடு சிகிச்சையும் வந்தது. 2018இல், தொலைதூர ஊர்களில் நடக்கும் இச்சிகிச்சைக்கெனவே அந்நாட்டு அரசுக் காப்பீட்டில் தனிக் கட்டணப் பிரிவு ஏற்பட்டது. மக்கள் முன்னே சென்றனர். அரசு பின்னே வந்தது.

இந்தக் காட்சியைக் கண்டபின் நம் நாட்டைப் பார்ப்போம்.

நடந்திருக்கிற நன்மையை மறைப்பது நமது வழக்கமன்று. 2016ஆம் ஆண்டின் ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோருக்கு மாவட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை என்றனர். தமிழகத்திலே அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின்வழி இச்சிகிச்சை ஏழைக்கு எட்டியது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றின் உள்ளுறை வழியாக வீட்டிலேயே சுத்திகரிப்புச் செய்துகொள்வோருக்குத் திரவப் பைகள் வீடு தேடி வரும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. இவையெல்லாம் உயிர் காத்தவை, வாழ்த்துகிறோம்.

ஆனால், காத்த உயிரைக் கட்டிப்போடவா காத்தோம்?

இரயில் கட்டணச் சலுகையைப் பாருங்கள். சிறுநீரக நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் நூற்றுக்கு 75 பங்கு தள்ளுபடி உண்டு. நல்ல சலுகை. எதற்கு? மாற்று அறுவைக்கோ டயாலிசிசுக்கோ செல்லும் பயணத்திற்கு! மருத்துவமனைக்குச் செல்வாயானால் சலுகை. மகள் வீட்டிற்குச் செல்வாயானால் முழுக் கட்டணம். நோயாளி என்பவர் நோய்க்காக மட்டுமே நகர வேண்டும் என்பதன்றோ இதன் உட்பொருள்! இரயிலேறும்போது அவர் கையிலுள்ள ஃபிஸ்டுலா வீட்டிலேயே தங்கிவிடுகிறதா?

அடுத்து, படுக்கை. ஒவ்வொரு பிரிவிலும் முறைகள் நிரம்பியிருக்கின்றன. இன்னார்க்கு இன்ன கிழமை, இன்ன நேரம் என்று கணக்கு. வெளியூரிலிருந்து மூன்று நாளைக்கு வருகிறவருக்கு அதிலே இடமில்லை. தனியார் மருத்துவமனைக்குச் சென்றால் இடம் கிடைக்கும், பணம் வேண்டும். ஆகவே, பணமுள்ள நோயாளி பயணம் செய்கிறார். பணமில்லாத நோயாளி படம் பார்க்கிறார், பேரனின் திருமணத்தைக் கைப்பேசியிலே! நோய் ஒன்று, நோயாளிகளுக்குள் சாதி இரண்டு.

வயிற்றுவழிச் சுத்திகரிப்புச் செய்கிறவர் இந்தக் கட்டிலிலிருந்து விடுபட்டவர் என்பர். உண்மைதான், ஆனால் அவர் சுமையைத் தூக்கிப் பாருங்கள். பொதுவாக நாளொன்றுக்கு நான்கு முறை, முறைக்கு இரண்டு லிட்டர் பை. எட்டு லிட்டர் என்றால் ஏறத்தாழ எட்டுக் கிலோ. ஒரு வாரம் மகள் வீட்டில் தங்க 56 கிலோ! பெட்டி தூக்கவே வலுவில்லாதவர் தம் எடையளவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுவாரா? சொந்த வீட்டைத் தேடி வந்த பை, விருந்துக்குச் சென்ற வீட்டையும் தேடி வரலாகாதா?

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். இரண்டையும் எதிர்கொள்வோம், ஒளிவதற்கில்லை.

முதல் மறுப்பு, பாதுகாப்பு. புதியவரைச் சேர்க்குமுன் மஞ்சட்காமாலைக் கிருமிகள் பி, சி ஆகியவற்றிற்கும் எச்.ஐ.வி.க்கும் பரிசோதனை வேண்டும் என்கின்றனர். வேண்டும், சரியே. நீரின் தூய்மையும் பெரிது. ஒரு முறைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் நீர் நோயாளியின் குருதிக்கு எதிர்ப்புறமாக ஓடுகிறது; இடையே மெல்லிய சவ்வுதான் வேலி. 1996இல் பிரேசில் நாட்டுக் கருவாரு நகரில், லாரியிலே கொண்டுவரப்பட்ட நீரில் பாசியின் நஞ்சு கலந்திருந்ததால், ஒரே சிகிச்சை நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எனவே, எங்கே பொறி கண்டாலும் கையை நீட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால், இந்த மறுப்பு கேட்பது என்ன? பரிசோதனைச் சீட்டு, சிகிச்சைக் குறிப்பு, தரமான நீர். மூன்றும் அரசு தரக்கூடியவை. ஏற்பாட்டில் உள்ள குறையை, நோயாளியின் காலுக்கு விலங்காக்குவது நியாயமன்று.

இரண்டாவது மறுப்பு, செலவு. உள்ளூர் நோயாளிக்கே இடமில்லாதபோது வருவோர்க்கென்று படுக்கையைக் காலியாக வைப்பதா என்பர். இது நேர்மையான கேள்வி. உள்ளூரில் ஒருவர் காத்திருக்க, விருந்தினருக்காகப் படுக்கை உறங்கக் கூடாது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: இங்கிருந்து ஒருவர் அங்கே செல்லும்போது இங்கே ஒரு முறை காலியாகிறது. எல்லாப் பிரிவுகளின் காலி முறைகளும் ஒரே ஏட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரியுமானால், பெரும்பகுதி மாற்றிக் கொள்வதாலேயே முடியும். தெரியாததால்தான் ஓரிடத்தில் கட்டில் காலி, மற்றோரிடத்தில் மனிதன் வாயிலிலே. தேசியத் திட்டத்தின் இணையத்தளம், நோயாளி எங்கே சென்றாலும் சிகிச்சை பெற வழி செய்வதற்கே அமைந்தது என்று ஒன்றிய அரசும் கூறியிருக்கிறது. முதலில் மாநிலத்திற்குள், பிறகு நாடு முழுவதும் என்றது. நல்ல வாக்கு. ஆனால் கணினித் திரையிலே ஊர் பெயர் தோன்றுவது வேறு. இரவு வண்டியில் வந்திறங்கும் நோயாளிக்கு விடியலிலே படுக்கை கிடைப்பது வேறு.

முடியாத காரியமா இது? ஐரோப்பிய ஒன்றியத்திலே ஒரு நாட்டின் காப்பீட்டு அட்டையுடையவர், முன்கூட்டிச் சொல்லிவைத்து, இன்னொரு நாட்டிலே தங்கும் நாட்களில் டயாலிசிஸ் பெறுகிறார். நாடு விட்டு நாடு அங்கே முடிகிறது. திருச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு இங்கே முடியாதா?

ஆகவே, நமது கோரிக்கைகள் இவை. அரசு உதவி பெறும் ஒவ்வொரு டயாலிசிஸ் பிரிவும் தன் காலி முறைகளை நாள்தோறும் பொது ஏட்டில் காட்ட வேண்டும். வெளியூர் நோயாளி அதிலே முன்பதிவு செய்ய வழி வேண்டும். சிகிச்சைக் குறிப்பும் பரிசோதனை முடிவும் அடங்கிய ஒரே வடிவக் கையேடு, தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒவ்வொரு நோயாளியின் கையிலும் இருக்க வேண்டும். இரயில் சலுகை எப்பயணத்திற்கும் பொருந்த வேண்டும். திரவப் பைகள் தங்குமிடத்திற்கு அனுப்பப்பட வேண்டும். மாநில எல்லை தாண்டினாலும் காப்பீடு செல்ல, மாநிலங்கள் தமக்குள் உடன்பாடு காண வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகமே உண்மையான விடுதலை என்பதை மறந்தேனல்லேன். 1971இல் வேலூரிலே நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. 2008 முதல் இறந்தோர் உறுப்பைத் தானமாகப் பெறும் முறையைத் தமிழகம் ஒழுங்குபடுத்தி நாட்டிற்கு வழிகாட்டியது. ஆனால் அந்த வரிசை நீளம். வரிசையில் நிற்பவரும் இன்று வாழ வேண்டுமல்லவா?

கோரிக்கை அரசுக்கு, கடமை நமக்கு. பாலைவனத்து மக்கள் அரசு வரும்வரை கைகட்டி நிற்கவில்லை. நாம் ஓவியம் தீட்ட வேண்டியதில்லை. கேட்டறிந்து எழுதினால் போதும். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலே இச்சிகிச்சை பெறுவோர் யார் என்று அறியட்டும். அவர் விரும்பினால் மட்டும், அவர் சொல்லும் அளவுக்கு மட்டும். அருகிலுள்ள பிரிவுகள் எவை, யாரைக் கேட்பது என்று குறித்து வைக்கட்டும். வெளியூர் செல்ல விரும்புகிறவருக்காக இரு ஊர்க் கிளைகளும் பேசி, மருத்துவர் ஒப்புதலோடு, இரண்டு வாரம் முன்னதாகவே ஏற்பாடு செய்யட்டும். வண்டி நிலையத்திலே வரவேற்க ஒரு தோழர் நிற்கட்டும். சட்டமன்றத்திலும் நகர்மன்றத்திலும் இருப்போர் காலி முறை ஏட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

மாநாட்டு அறிவிப்பிலே தங்குமிடம் எது, உணவு எங்கே, வண்டி எங்கே நிறுத்துவது என்றெல்லாம் அச்சிடுகிறோம். அதனடியில் இன்னும் ஒரு வரி சேர்ப்போம்: டயாலிசிஸ் சிகிச்சையிலுள்ள தோழர்கள் முன்கூட்டித் தெரிவித்தால், மாநாட்டு நகரிலே சனிக்கிழமை முறைக்கு ஏற்பாடு செய்யப்படும். அந்த வரியை அச்சிடும் தகுதியை அடுத்த மாநாட்டிற்குள் நாம் பெற்றாக வேண்டும்.

அஞ்சலட்டைக்கு இன்னும் பதில் எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கிறார் தோழர். மன்னிக்க நமக்கு உரிமையில்லை. அந்த ஒரு வரியை அச்சிட்டு அனுப்பும் கடமைதான் உண்டு. அதுவே பதிலாகட்டும்.